துடைக்காத குழல்

ஆர்வில்லா ஸ்டென்ரூட் எதையும் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவாள். அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பையாகவே இருந்தாலும், காப்பி ஊற்றும் முன் அதன் உள்விளிம்பைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் அவள் செய்தித்தாளைப் பிரித்ததில்லை. டன்மோர் ரயிலடியில் இருந்த கோதுமைக் களஞ்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் தானியத்தின் தரம் பார்த்தவள் அவள். ஒரு லாரியின் மாதிரியைப் பார்த்து முடித்ததும் தட்டைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகே அடுத்த லாரியின் மாதிரியைக் கொட்ட வேண்டும் என்பது அங்கே விதி. முன்னால் வந்தவனுடைய சொத்தைக் கோதுமை ஒரு மணி தட்டில் தங்கிவிட்டாலும் பின்னால் வந்தவனுக்கு அது அநீதி. களஞ்சியம் மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவள் இப்போது கால்வாய்ச் சங்கத்தின் நீர்க்கட்டி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவள். மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் கரையை நடந்து பார்ப்பதும் வேலை. விதி மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

அந்த வசந்தத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ரைஃபிள்.

கால்வாய் அவள் வீட்டுக்குக் கீழே அரை மைல் நீளத்துக்கு ஒரு பெரிய வளைவாகத் திரும்பும். அந்த வளைவின் கரை முழுவதும் தரையணில்கள் குடியேறியிருந்தன. மான்டானாவில் பனி உருகியதும் முதலில் தலை நீட்டும் பிராணிகள் அவைதான். ஒவ்வொரு வளையும் கரைக்குள் ஆறடி, எட்டடி ஓடும். மே மாதம் தண்ணீர் விடும்போது அந்த வளைகளில் ஒன்று போதும், கரையைத் தின்றுவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் கரை உடைந்து, கஸ் ராஸ்கியின் பன்னிரண்டு ஏக்கர் குதிரைமசால் வயலில் சேறும் சரளையும் முழங்கால் அளவுக்குப் படிந்தன. ராஸ்கி சங்கத்தின் தலைவர். அறுபத்தாறு வயது, வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. நிர்வாகக் குழுவில் மூன்று பேர். ராஸ்கியின் கை போகும் பக்கம் ஆரின் என்பவரின் கையும் தானாகப் போகும் என்பதால், குழுவின் தீர்மானம் என்பது பெரும்பாலும் ராஸ்கியின் தீர்மானமே.

ஏப்ரல் முதல் வாரத்துக் கூட்டத்தில் அவர் சுருக்கமாகவே பேசினார்.

"விஷ ஓட்ஸ வாங்கித் தூவுனா ஒரு வாரத்துல வேல முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?"

"கீழ்க் கால்வாய்க்காரங்க தூவுனாங்களே, அணிலு மட்டுமா செத்துச்சு?" என்றாள் ஆர்வில்லா. "ரெண்டு பருந்து, ஒரு பேட்ஜர், அப்புறம் எங்க நாயி டீல். செத்த அணில வாயில கவ்விக்கிட்டு வந்துது. மூணு நாள் ரத்தமா கக்கிச்சு, கஸ்."

"நாயக் கட்டிப் போட வேண்டியதுதானேம்மா."

"பருந்தயும் கட்டிப் போட்டுடவா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஸ்கி பல்குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினார்.

டீல் போன பிறகு வந்தவள் பெக். கறுப்பும் வெள்ளையுமான கிழட்டுப் பெண்நாய். கரையில் கிடப்பது எதுவாயினும் தன்னுடையது என்ற எண்ணம் உடையவள். தினமும் ஆர்வில்லாவுக்கு முன்னால் அரை மைலும் நடப்பாள். விஷம் வந்தால் அவளை வீட்டில் பூட்டலாம். அணில் வளைகளைத் தோண்டி இரை தேடும் காட்டுப் பிராணியான பேட்ஜரைப் பூட்ட முடியாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் பெக் இருக்க, கரையில் தனியாக நடக்கும் ஒரு கோடையை ஆர்வில்லாவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

"எனக்கு ஒரு மாசம் குடுங்க. நான் சுட்டுக் கொறைக்கிறேன்" என்றாள்.

பேரம் இப்படி முடிந்தது: மே எட்டாம் தேதி மாலை கரையிலுள்ள வளைகள் எல்லாவற்றையும் மண்வெட்டியால் அடைக்க வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குள் உள்ளிருந்து மீண்டும் தோண்டித் திறக்கப்பட்டவற்றை எண்ண வேண்டும். இருபது அல்லது அதற்குக் கீழே என்றால் இந்த ஆண்டு விஷம் பற்றிய பேச்சே இல்லை. இருபத்தொன்று என்றால் அங்கேயே, கரையிலேயே, குழு ஓட்டெடுக்கும்.

"ஓட்டு எப்படிப் போகும்னு நான் இப்பவே சொல்லிடுவேன்" என்றார் ராஸ்கி.

அன்று வளைகள் நூற்று நாற்பத்திரண்டு.

*

சுடுவதற்குப் பாதுகாப்பான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு. அங்கிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குறி தவறினாலும் தோட்டா கரையின் மண்ணில் புதைந்துவிடும். வேறெங்கிருந்து சுட்டாலும் பின்னால் சாலையோ ராஸ்கியின் மாட்டுக் கொட்டகையோ வரும். மேட்டிலிருந்து கரையின் கிட்டப் பகுதி நூற்றிருபது கெஜம். எட்டப் பகுதி நூற்றெண்பது. நெருங்கிப் போகவும் வழியில்லை. மனித வாடை பட்ட கணத்தில் ஓர் அணில் சீழ்க்கையடிக்கும்; கரை முழுவதும் காலியாகிவிடும். எனவே, நூற்றெண்பது கெஜத்துக்கு அப்பால், ஒரு சாணுக்குச் சற்றே உயரமாக எழுந்து நிற்கும் பிராணியை வலியில்லாமல் ஒரே தோட்டாவில் முடிக்கும் ரைஃபிள் வேண்டும். பெரிய தோட்டா கூடாது என்று சங்கம் முன்பே சொல்லிவிட்டது. பின்விளிம்பில் அடிபட்டு மருந்து பற்றும் சிறு தோட்டாவுக்கு மட்டுமே அனுமதி.

லைல் பாமராயின் கடையில் தூண்டில் புழுவும் துப்பாக்கியும் ஒரே மேசையில் விற்பனையாகும். லைல் இரண்டு ரைஃபிள்களை எடுத்து வைத்தான். இரண்டுக்கும் தடித்த குழல். இரண்டுக்கும் தொடுமுன் நகரும் மெல்லிய விசை.

"இது பதினேழு, குழல் வாயோட அளவச் சொல்றது. செம்புத் தோல் போட்ட குட்டித் தோட்டா. நூல் புடிச்ச மாதிரி நேராப் போகும், ஆனா சாட்டயடிச்ச மாதிரி சத்தம் கேக்கும். இது இருபத்திரண்டு. பச்ச ஈயம், மேல மெழுகு. மெதுவாத்தான் போகும். நூத்தெம்பது கெஜம் போறதுக்குள்ள மூணு அடிக்கு மேல எறங்கிடும், குறி பாக்குற கண்ணாடிய ஏத்தி வெச்சுத்தான் சுடணும். ஆனா சத்தமே வராது. காத்துல தள்ளாடுறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஆர்வி. எது ஒனக்குப் புடிக்குதோ எடுத்துக்க."

"புடிக்கிறதுக்கு இது என்ன தொப்பியா? சோதிச்சுப் பாத்துத்தான் எடுப்பேன்."

கடைக்குப் பின்னால் லைலின் சுடுதிடல் இருந்தது. மூன்று நாட்கள் காலையில் காற்று எழும் முன் அவள் அங்கே வந்தாள். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் மூன்று வகைத் தோட்டா. ஒவ்வொரு வகைக்கும் ஓர் அட்டை. நூறு கெஜத்தில் ஒவ்வோர் அட்டையிலும் இருபது குண்டு. ஒவ்வொரு குண்டும் பட்டவுடன் தொலைநோக்கியில் பார்த்து, மேசையில் இருந்த அட்டையின் நகலில் பென்சிலால் புள்ளி வைத்து, அது எத்தனையாவது என்ற எண்ணையும் எழுதினாள். ஒரு வகை முடிந்ததும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, மருந்து நனைத்த தூரிகையால் தேய்த்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை துடைத்தாள். பிறகே அடுத்த வகை.

இரண்டாம் நாள் லைல் தொண்டையைச் செருமினான். "ஆர்வி, இருபத்திரண்ட இவ்வளவு தேய்க்கிறது..."

"முந்தின தோட்டாவோட மெழுகு குழலுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா அடுத்த தோட்டாவுக்கு நியாயம் கெடைக்குமா? எல்லாம் ஒரே கோட்டுல நின்னு ஓடணும், லைல்."

லைல் கூச்ச சுபாவம் உடையவன். புழுப் பெட்டிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டான்.

முடிவில் அவள் ஒவ்வோர் அட்டையிலும் ஓட்டைகளுக்கு இடையேயான மிகப் பெரிய இடைவெளியை அளந்தாள். பதினேழின் மூன்று அட்டைகளிலும் இருபது ஓட்டைகளை ஒரு டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். இருபத்திரண்டில் மூடத் தேநீர்த் தட்டு வேண்டும். சந்தேகத்துக்கே இடமில்லை. பதினேழை வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய சோதனை முறையை லைல் அழகான எழுத்தில் படியெடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தான். களஞ்சியத்து ஆர்வில்லா சொன்னால் ஊரில் எதிர்ப்பேச்சு இருக்காது. அதன் கடைசி வரி, வாங்கிச் சுடுபவர்களுக்காக அவள் இன்னும் கறாராகச் சேர்த்தது: பத்துக் குண்டுக்கு ஒருமுறை குழலை முழுமையாகத் துடைக்கவும்.

*

பதினேழு சொன்னதைச் செய்தது. முதல் காலை, முதல் குண்டு, நூற்றறுபது கெஜம்: அணில் நின்ற இடத்திலேயே சரிந்தது. ஆனால் அந்தச் சத்தம் பள்ளத்தாக்கின் இரு பக்கச் சரிவிலும் மோதித் திரும்பியது. கரை முழுவதும் ஒரே நொடியில் வெறிச்சோடியது. முக்கால் மணி நேரம் ஒரு மீசை கூட வெளியே தெரியவில்லை. அடுத்த குண்டு, அடுத்த முக்கால் மணி நேரம். ஒரு காலைக்கு நான்கு, ஐந்து. செத்தவற்றை அவள் மண்வெட்டியோடு போய் எடுத்துவந்து ஆழமாகப் புதைத்தாள். பெக்கோ பருந்தோ ஈயத்தையோ செம்பையோ தின்னக் கூடாது என்பதற்காக. நடந்து திரும்புவதற்கே நேரம் சரியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ராஸ்கியின் தலையீற்றுக் கிடேரி ஒன்று அந்தச் சத்தத்துக்கு மிரண்டு முள்கம்பியில் பாய்ந்து, மடியைக் கிழித்துக்கொண்டது. அவர் மேட்டுக்கு வண்டியை ஓட்டிவந்து, கண்ணாடியை இறக்கி, இறங்காமலேயே பேசினார்.

"கன்னு போடுற நேரத்துல என் மாட்டுக்குப் பக்கத்துல பட்டாசு வெடிக்கிறியா? பதினோரு தையல் போட்டுருக்கு."

"தப்புதான், கஸ். நான் வந்து மருந்து போடுறேன்."

"மருந்து நான் போட்டுக்கறேன். நீ இத நிறுத்து. இல்லன்னா ஒம்பதாந்தேதி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அன்று மாலை அவள் வளைகளை எண்ணினாள். நூற்றுப் பதினேழு. மீதி நாட்கள் பதினைந்து. இனிச் சுடக்கூடிய ரைஃபிள் இல்லை.

மறுநாள் காலையில் அவள் கணவன் நாரிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டப் புறப்படும் அவசரத்தில் காப்பிக் கோப்பையை ஓர் அட்டையின் மேல் வைத்துவிட்டான். கோப்பையின் அடி ஈரம் அட்டையில் பழுப்பு வளையமாகப் பதிந்தது.

"நாரிஸ்! அது என்னோட அட்ட!"

"தோத்துப்போன துப்பாக்கியோட அட்டதானேம்மா. அதுக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்."

"போய்ட்டு வா, பசங்க நிப்பாங்க."

கதவு மூடிக்கொண்டது. ஆர்வில்லா ஈரத் துணியோடு குனிந்து கறையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அது இருபத்திரண்டின் மூன்றாவது அட்டை. பென்சில் எண்கள் அழிந்துவிடாதபடி கண்ணை மிக அருகே கொண்டுபோய்த் துடைக்க வேண்டியிருந்தது. ஒன்று இங்கே. இரண்டு எங்கேயோ. ஐந்து அட்டையின் மூலையில். ஒன்பதும் பத்தும் எதிரெதிரே. பதின்மூன்று நடுவில். பதினான்கு அதை ஒட்டி. பதினைந்து, பதினாறு, பதினேழு... துணி நின்றது. இருபது வரை எல்லாம் ஒரே இடத்தில், ஒரு விரல்நகத்துக்கு அடியில் கிடந்தன.

மற்ற இரண்டு அட்டைகளையும் எடுத்துவந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவற்றிலும் அதே கதை: முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் திக்குத் திக்காக, கடைசி எட்டும் கொத்தாக. துடைத்த குழலில் மெழுகுத் தோட்டா தன் மெழுகைத் தானே பூசிக்கொண்டு போகிறது. பூசி முடிந்த பிறகுதான் அது நேராக ஓடத் தொடங்குகிறது. பூசி முடிந்த ஒவ்வொரு முறையும் அவள் கம்பியை எடுத்திருக்கிறாள். செம்புத் தோல் போட்ட பதினேழுக்கு மெழுகே கிடையாது. அதற்குத் துடைப்பதும் துடைக்காததும் ஒன்றுதான். எண்களை அவளே எழுதியிருந்தாள். அவள் பார்த்தது இடைவெளியை மட்டுமே.

எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும் என்று சொல்லி, ஓட்டக்காரர்களில் ஒருவனை மட்டும் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட வைத்திருக்கிறாள்.

*

"அன்னிக்கே வாயத் தொறந்தேன். நீதான் அதுக்குள்ள தூரிகைய வெச்சு அடச்சுட்ட" என்றான் லைல்.

"சரி, இப்ப தாராளமாத் திட்டிக்க. அந்த இருபத்திரண்ட எடு."

லைல் புழுப் பெட்டியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. "வித்துட்டேன்."

"யாருக்கு?"

"நேத்து மத்தியானம் கஸ் வந்தாரு. கிடேரிங்க பக்கத்துல சத்தம் வராத துப்பாக்கி வேணும், ஆர்வில்லா பண்ண முடியாதத நான் பண்ணிக் காட்டுறேன்னாரு. அதோட ஒன்னோட தாளயும் ஒரு நகல் எடுத்துட்டுப் போனாரு."

"என்னோட தாளயா?"

"கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு போட்டுக்கிட்டாரு."

ராஸ்கியின் வீட்டுக்கு மூன்று மைல். வழியில் அவள் சொல்ல வேண்டியதை இரண்டு முறை ஒத்திகை பார்த்தாள். இரண்டு முறையும் அது நீளமாக இருந்தது. சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் இருபத்திரண்டைக் கிடத்தி, ராஸ்கி குழலுக்குள் கம்பியை விட்டு ஆவேசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குவியல் அழுக்குத் துணி.

"வாம்மா வா. உன் சட்டப்படிதான் பண்ணிக்கிட்டு இருக்கேன். பத்துக்கு ஒருவாட்டி, பல்லு வெளக்குற மாதிரி. ஆனா இந்தச் சனியன் கொட்டகையக் கூட சரியா அடிக்க மாட்டேங்குது. நேத்து நாப்பது குண்டு. ஒரே ஒரு அணிலு. அதுவும் பயத்துலதான் செத்துருக்கும்னு நெனக்கிறேன்."

"கஸ், அந்தக் கம்பிய வெளிய எடுங்க."

"ஏன், இன்னும் துணி கறுப்பாத்தானே வருது?"

"வரட்டும். சட்டம் தப்பு. எழுதுனவ நான்தான், நானே சொல்றேன். தப்பு."

ராஸ்கி கம்பியிலிருந்து கையை எடுத்தார். பல்குச்சியும் அசையவில்லை. ஆர்வில்லா ஸ்டென்ரூட் தான் எழுதிய ஒன்றைத் தப்பு என்று சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவருடைய கோதுமைக்கே ஒரு வருடம் இரண்டாம் தரம் போட்டு, அவர் கத்திய கத்தலுக்கும் எழுத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. சொகமா இருந்துச்சு. அதான்."

அவள் சொன்னாள். பிறகு அட்டைகளை மேசையில் வைத்து, பதின்மூன்றிலிருந்து இருபது வரை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். "வா, பாத்துருவோம்" என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

மேட்டில் அவள் முதல் பதினைந்து குண்டுகளையும் கரையின் வெறும் மண்ணில் சுட்டாள். ராஸ்கி ஒவ்வொன்றுக்கும் முனகினார். "காசக் கொட்டி மண்ண அடிக்கிறா. ஆறு... மண்ணு செத்துப்போச்சும்மா, விடு. ஒம்பது..." பதினாறாவதுக்குத் துப்பாக்கியின் குறிக்கண்ணாடியை ஏற்றி வைத்தாள். நூற்றைம்பது கெஜத்தில், சிதைந்த வேலிக்கம்பத்தின் மேல் ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ் இருந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். டப் என்று ஒரு சத்தம், அலமாரிக் கதவு மூடியது போல. குமிழ் இல்லை.

கரையில் எழுந்து நின்றிருந்த அணில்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ்ப் புல்வெளியில் தையல் போட்ட கிடேரி அசை போடுவதை நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு அடி" என்றார் ராஸ்கி, தாழ்ந்த குரலில்.

இன்னொன்று அடித்தாள். நூற்றெழுபது கெஜம். அணில் சரிந்தது, இரண்டடி தள்ளி நின்ற அதன் பக்கத்துவீட்டுக்காரன் புல் மென்றுகொண்டிருந்தான்.

"எனக்கு இது பதினஞ்சு நாள் வேணும், கஸ். பதினேழ நீங்க வெச்சுக்கங்க. மேல்வயல் பாறக்குவியல்ல மர்மட், அந்தக் குண்டு மலையணிலு, இருக்குன்னு சொன்னீங்களே, அங்க மாடும் கிடையாது, சத்தத்துக்கு யாரும் மிரள மாட்டாங்க. அதுக்கு அதுதான் சரி."

"எனக்கு எதிரா ஜெயிக்கிறதுக்கு என்கிட்டயே துப்பாக்கி கேக்குற."

"ஆமா."

ராஸ்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "துப்பாக்கி கெடைக்கும். ஆனா சும்மா இல்ல. சாயங்காலம் நானும் வருவேன். மாறி மாறித்தான் சுடணும்."

*

பதினைந்து நாட்களும் அவர் வந்தார். மடக்கு நாற்காலி, தொலைநோக்கி, ஒரு டப்பா நிறைய உப்பிட்ட சூரியகாந்தி விதை. விதைத்தோல் பறக்கும் திசையைப் பார்த்துக் காற்றைச் சொல்வார்: "எடப்பக்கம் ரெண்டு விரல்... இல்ல, மூணு." தவறினால் காற்றின் மேல் பழி, பட்டால் தன் கணிப்பின் பெருமை. ஆர்வில்லா காலையிலும் சுட்டாள். செத்தவற்றை இருவருமாகப் புதைத்தார்கள். முதல் நாள் மண்வெட்டியோடு நடக்க முறுமுறுத்தவர், நான்காம் நாள் தானே குழி வெட்டினார். பெக் அவருடைய நாற்காலிக்கு அடியில் படுக்கத் தொடங்கினாள்; உப்பு விதைத்தோலுக்காக இருக்கலாம்.

ஒரு மாலை, பேட்ஜர் வெளியே வந்தது. தட்டையான உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு. ஒரு வளையின் வாயில் நின்று முன்னங்கால்களால் மண்ணைப் பின்னால் வாரி எறிந்து, இடுப்பு வரை உள்ளே போய், அணிலோடு வெளியே வந்தது. ராஸ்கி தொலைநோக்கியை இறக்காமல் பார்த்தார்.

"நம்மள விட வேகமா இருக்கான்" என்றார்.

"அவனுக்குச் சம்பளமும் இல்ல."

மே எட்டாம் தேதி மாலை நாரிஸும் சேர்ந்துகொள்ள, வளைகள் எல்லாவற்றையும் அடைத்து மிதித்தார்கள். ஒன்பதாம் தேதி ஏழரை மணிக்கு ராஸ்கி, ஆரின், குழுவின் மூன்றாமவரான நில அளவைக்காரர் மூவரும் கரையின் மேல்முனையில் நின்றார்கள். ஆர்வில்லா ஒவ்வொரு திறந்த வளையிலும் ஒரு சிறு கொடியை நட்டுக்கொண்டே போனாள். கரையின் பாதியில் ஒன்பது. முக்காலில் பதினாறு. கடைசி மதகுக்கு முன்னால் இருபது. மதகின் நிழலில், புல்லுக்கு அடியில், இன்னொன்று.

ராஸ்கி முழங்காலிட்டு அதைப் பார்த்தார். வாய் அகலமாக இருந்தது, விளிம்பு உடைந்திருந்தது.

"இது அணிலோடது இல்ல. பேட்ஜர் தோண்டுனது. அகலத்தப் பாரு. வெளியிலேருந்து தோண்டுனதெல்லாம் கணக்குல வராது. இருபது."

ஆரின் தலையாட்டினார். ஆர்வில்லாவும் தலையாட்டியிருக்கலாம். அவள் கண்ணாடியைத் துடைத்தாள், குனிந்தாள். மண் வளையின் வாய்க்கு வெளியே விசிறி போலப் பரவியிருந்தது. சின்னச் சின்ன உருண்டைகளாக, உள்ளிருந்து தள்ளியது. பேட்ஜரின் நகக்கீறல் ஒன்றுகூட இல்லை. வாய் உடைந்திருந்தது, நேற்று யாரோ ஓங்கி மிதித்ததால்.

"அணிலோடதுதான், கஸ்" என்றாள். "இருபத்தொண்ணு."

"இருபதுன்னு சொல்றேன்ல?"

"சொல்றீங்க. மண்ணு அப்படிச் சொல்லலயே." கொடியைக் குத்தினாள்.

ராஸ்கி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். எதிர்ப்புறத்துக் குதிரைமசால் வயலைப் பார்த்தார். பன்னிரண்டு ஏக்கரில் சரளை அள்ளப்பட்டு, இந்த ஆண்டுதான் மீண்டும் பச்சை எழுந்திருந்தது. பெக் இருபத்தொன்றாவது வளைக்குள் மூக்கை விட்டுத் தும்மினாள்.

"சரி. இருபத்தொண்ணுன்னே எழுதுங்க" என்றார். "அப்ப ஓட்டு. விஷம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

நில அளவைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். ஆரினின் கை இடுப்பு வரை எழும்பி, ராஸ்கியின் கை பைக்குள்ளேயே இருப்பதைக் கண்டு, அந்தரத்தில் நின்றது.

"கஸ்?" என்றார் ஆரின்.

"கைய எறக்கு. இருபத்தொரு அணிலுக்கு ஒரு மூட்ட விஷமா? அவளும் நானும் ரெண்டு சாயங்காலம் ஒக்காந்தா முடிஞ்சுரும். இவ ஒருத்தி கூடவே இருந்து எண்ணுனா என் கரை ஒடயாது." பிறகு, யாரும் கேட்காமலே, சற்றுக் கடுகடுப்போடு: "அப்புறம் அந்தப் பேட்ஜர நான் பாத்துட்டேன்."

மறுநாள் காலை ஆர்வில்லா தலைமதகைத் திறந்தாள். பழுப்பு நுரையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வளைவில் திரும்பியது. அரை மைலும் அதோடு கூடவே நடந்தாள், பெக் முன்னால், அவள் பின்னால். கரை எங்கும் ஈரம் கசியவில்லை. கல்லாவுக்கு மேலிருந்த தாளை லைலிடம் வாங்கிக் கடைசி வரியை அடித்து, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் போட்டாள்.

இருபத்திரண்டை ராஸ்கி திரும்பக் கேட்கவில்லை. பதினேழைப் பற்றி அவளும் கேட்கவில்லை. இருபத்திரண்டு இப்போது அவள் சமையலறை வாசலுக்கு மேல், பூட்டுப் போட்ட தாங்கியில் இருக்கிறது. வெளிப்புறத்தைத் தினமும் துடைக்கிறாள்: குழலின் மேற்பகுதி, மரக்கட்டை, தொலைநோக்கியின் கண்ணாடி. கம்பி பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு மாலையும் அவள் கை தானாக அதை நோக்கிப் போகிறது.

"ஆர்வி" என்பான் நாரிஸ், தட்டிலிருந்து நிமிராமலே.

"தெரியும், தெரியும்" என்று சொல்லி, அவள் கையிலுள்ள துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் மேசையைத் துடைப்பாள்.